ஒரே நாளில் வேலி ஆஃப் ஃபயர்: முழங்கால் வலி உள்ள அம்மாவோடு போகலாமா?

வெயில்குருவி
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவும் அம்மாவும் ஆறு மாசம் எங்களோட இருக்க வந்திருக்காங்க. அடுத்த வாரம், அதாவது ஜூன் இரண்டாவது வாரம், கலிஃபோர்னியாவிலிருந்து லாஸ் வேகாஸுக்கு மூணு நாள் போறோம். அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. பையனுக்கு எட்டு வயசு. அம்மாவுக்கு வலது முழங்காலில் தேய்மானம். சமதரையில் அரை மணி நேரம் நடப்பாங்க, இறக்கம்னா கையைப் பிடிச்சுக்கணும்.

வேகாஸ் விளக்கெல்லாம் ஒரு ராத்திரி பார்த்தா போதும்னு அம்மா சொல்லிட்டாங்க. ஆனா நெவாடாவில் இருக்கிற வேலி ஆஃப் ஃபயர் பூங்காவோட படத்தைப் பார்த்ததிலிருந்து "அந்தச் செம்பாறை ஊருக்குப் போவோமா"ன்னு தினமும் கேக்கறாங்க. அதனால ஒரு முழு நாள் அதுக்கு. காலை பத்து மணிக்கு ஓட்டலை விட்டுக் கிளம்பி, ஃபயர் வேவ், ஒயிட் டோம்ஸ், மௌஸஸ் டேங்க், அட்லாட்டில் ராக், எலிஃபண்ட் ராக் எல்லாம் பார்த்துட்டு, திரும்பும்போது ஹூவர் அணை. இது நடக்கிற காரியமா? போய் வந்தவங்க சொல்லுங்க.

பாலைவனவாசி
தங்கச்சி, முதல்ல தேதியை மாத்துங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்.

நான் வேகாஸில் ஒன்பது வருஷமா இருக்கேன். ஜூனில் அங்கே 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ், தாண்டுறது சர்வ சாதாரணம். 110-ஐத் தொடுற நாளும் உண்டு. நீங்க போட்டிருக்கிற கணக்குப்படி பதினொரு மணிக்கு வண்டியை விட்டு இறங்குவீங்க. அந்த நேரத்தில் வெயில் மேலிருந்து மட்டும் வராது, காலடியில் மணலிலிருந்தும் பக்கத்துப் பாறையிலிருந்தும் வரும். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அது மொஹாவே பாலைவனம். அங்கங்கே கிரியோசோட் புதர்தான் இருக்கும், நிழல் தேடி அதுக்குக் கீழே உட்கார முடியாது.

இன்னொன்னு. கோடை மாசங்களில் ஃபயர் வேவ், ஒயிட் டோம்ஸ் உட்பட பல நடைபாதைகளைப் பூங்காக்காரங்களே மூடிடறாங்க. வெயிலில் சுருண்டு விழுந்தவங்களைத் தூக்கிட்டு வந்து வந்து எடுத்த முடிவு அது. ஆக நீங்க ஆசைப்படுற இடங்களில் அந்த ரெண்டும் ஜூனில் கிடைக்காது. பெற்றோர் எப்போ திரும்பறாங்க?

இரண்டுபிள்ளைஅம்மா
பாலைவனவாசி அண்ணா சொல்றதை அப்படியே கேளுங்க தோழி. எங்களுக்கு நடந்ததைச் சொல்றேன்.

பாதைகளை மூடற வழக்கம் வர்றதுக்கு முன்னாடி, ஒரு ஜூலை மாசம், மாமியாரோட ஃபயர் வேவ் போனோம். போக வர ஒன்றரை மைல்தானே, சின்ன நடைதானேன்னு நாலு பேருக்கு நாலு சின்ன பாட்டில் தண்ணி எடுத்துக்கிட்டோம். போகும்போது இறக்கம், அதனால ஒண்ணும் தெரியலை. திரும்பும்போது மணலில் ஏறணும். பாதி வழியில் மாமியார் "தலை லேசா இருக்கு, ஒரு நிமிஷம் உட்காரேன்"னாங்க. முகத்தில் வேர்வையே இல்லை. அதுதான் ஆபத்தான அறிகுறின்னு எனக்கு அப்போ தெரியலை. உட்கார வெச்ச பாறை தோசைக்கல் மாதிரி சுட்டுச்சு. என் துப்பட்டாவை நனைச்சுக் கழுத்தில் போடலாம்னா பாட்டிலில் தண்ணி இல்லை. யாரையாவது கூப்பிடலாம்னு போனை எடுத்தா, சூடாகிடுச்சுன்னு அறிவிப்புக் காட்டி அணைஞ்சுபோச்சு. எதிரே வந்த ஒரு வயசான வெள்ளைக்காரத் தம்பதி ஐஸ் போட்ட தண்ணிப் பையையே கொடுத்துட்டாங்க. கணவரும் அந்தப் பெரியவரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு வண்டிக்குக் கூட்டிட்டு வந்தாங்க.

மாமியார் இப்போ நல்லா இருக்காங்க. ஆனா அந்த அரை மணி நேரத்தை நினைச்சா எனக்கு இன்னைக்கும் வயிறு கலங்குது. தயவுசெஞ்சு ஜூன் வேண்டாம்.

வெயில்குருவி
படிச்சதும் கை நடுங்கிடுச்சு. ரொம்ப நன்றி அக்கா, இதை எழுதினதுக்கு. அம்மாகிட்ட பேசிட்டேன். அவங்க நவம்பர் கடைசியில்தான் திரும்பறாங்க, அதனால நவம்பர் முதல் பாதிக்குத் தள்ளிட்டோம். ஓட்டல் பதிவையும் மாத்தியாச்சு.

இப்போ நிதானமாத் திட்டம் போடலாம்னு இருக்கேன். எங்ககிட்ட தேசியப் பூங்கா வருடாந்தர பாஸ் இருக்கு, அது இங்கே செல்லுமா?

தூரவண்டி
செல்லாது. இது தேசியப் பூங்கா இல்லை, நெவாடா மாநிலப் பூங்கா. அந்த மாநிலத்தின் முதல் பூங்காவும் இதுதான், 1930-களில் திறந்தது. நுழைவுக் கட்டணம் வண்டிக்கு. நெவாடா பதிவு எண்ணுக்கு 10 டாலர், வெளிமாநில வண்டிக்கு 15 டாலர். இது நான் போனப்போ இருந்த கணக்கு, கிளம்புறதுக்கு முன்னாடி பூங்காவோட தளத்தில் ஒருதரம் பார்த்துக்கோங்க.

வழி சுலபம். வேகாஸிலிருந்து ஐ-15-இல் வடகிழக்காப் போய் 75-ஆம் எக்ஸிட்டில் இறங்கணும். மொத்தம் 50 மைல் சொச்சம், ஒரு மணி நேரம். அந்த எக்ஸிட்டிலேயே பையூட் பழங்குடியினர் நடத்துற பெரிய கடையும் பெட்ரோல் பங்கும் இருக்கு. டேங்கை அங்கேயே நிரப்பிக்கோங்க. பூங்காவுக்குள்ள பெட்ரோல் கிடையாது, சாப்பாட்டுக் கடையும் கிடையாது. சிக்னல் பல இடத்தில் வராது, அதனால வரைபடத்தை முன்னாடியே போனில் இறக்கி வெச்சுக்கணும். தண்ணி ஆளுக்கு ஒரு கேலன், கிட்டத்தட்ட நாலு லிட்டர். நவம்பர்தானேன்னு குறைக்காதீங்க, மிஞ்சினா வண்டியில் கிடக்கட்டும்.

ஹூவர் அணை பத்தி: போகலாம். கிழக்கு வாசல் வழியா வெளியே வந்து லேக் மீட் ஓரமா நார்த்ஷோர் ரோட்டில் போனா அழகான பாதை. லேக் மீட் பகுதிக்குத் தனிக் கட்டணம், அங்கே உங்க பாஸ் செல்லும். நாங்க ஒரே நாளில் ரெண்டையும் முடிச்சோம்.

பாலைவனவாசி
தூரவண்டி தம்பி, நீங்க நாலு இளவட்டம் போயிருப்பீங்க. இவங்க பெரியவங்களோட போறாங்க. நவம்பரில் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் சாஞ்சுடும். ரெண்டு இடத்தையும் ஒரே நாளில் திணிச்சா மத்தியானம் ரெண்டு மணிக்குப் பூங்காவை விட்டுக் கிளம்பணும். பாறை நிறம் மாற ஆரம்பிக்கிறதே அதுக்கப்புறம்தான். அணையை அடுத்த நாள் காலையில் பார்க்கட்டும், வேகாஸிலிருந்து முக்கால் மணி நேரம்தான்.

தூரவண்டி
நாலரைக்கு இருட்டறதை யோசிக்கலை அண்ணா. நாங்க போனது ஏப்ரலில். நீங்க சொல்றதுதான் சரி, அணையைத் தனியா வெச்சுக்கோங்க.

ஒளிப்பெட்டி
வெளிச்சத்தைப் பத்தி நான் சொல்றேன், எட்டு தடவை போயிருக்கேன்.

நடு மத்தியானத்தில் செம்பாறை வெளுத்துப் போய்த் தெரியும். படத்தில் பார்த்த அந்தக் கனல் நிறம் காலையில் முதல் ஒரு மணி நேரமும் மாலையில் கடைசி ஒன்றரை மணி நேரமும்தான். பூங்கா சூரிய உதயத்துக்குத் திறந்து அஸ்தமனத்துக்கு மூடும், உள்ளே முகாம் போடறவங்க மட்டும் தங்கலாம். அதனால அந்த ரெண்டு பொழுதையும் எங்கே செலவழிக்கிறீங்கங்கிறதுதான் முழுத் திட்டமும்.

என் கருத்து: ஃபயர் வேவை மாலைக்கு வையுங்க. அந்த இளஞ்சிவப்பும் வெள்ளையுமான கோடுகள் சாய்ந்த வெயிலில் சேலைக் கொசுவம் மாதிரி ஒண்ணுமேல ஒண்ணா எழுந்து நிக்கும். மூணு மணிக்குப் பாதையில் இருக்கணும், நாலே காலுக்கு வண்டிக்குத் திரும்பிடணும். வண்டி நிறுத்தற இடம் சின்னது, வார இறுதியில் நிறைஞ்சிடும். வார நாளில் போங்க.

அப்புறம் ஒரு வேண்டுகோள். விசிட்டர் சென்டரிலிருந்து வடக்கே ஒயிட் டோம்ஸ் போற சாலையில், ரெண்டு பக்கமும் செம்பாறை நடுவில் கறுப்பு ரோடு வளைஞ்சு இறங்கற இடம் ஒண்ணு வரும். எல்லாரும் நடுரோட்டில் நின்னு படம் எடுக்கறாங்க. மேட்டுக்கு அந்தப் பக்கம் வர்ற வண்டிக்கு நீங்க நிக்கறது தெரியாது. ஓரமா ஒதுக்கிடத்தில் நிறுத்திட்டு, மேலே ஏறி எடுங்க, படமும் அதுதான் நல்லா வரும். டிரோன் பறக்கவிட அனுமதி கிடையாது.

வெயில்குருவி
அம்மாவால ஃபயர் வேவ் முடியுமா?

ஒளிப்பெட்டி
உண்மையைச் சொன்னா, முழுசா முடியாது. மணல், அப்புறம் சாய்வான வழவழப்புப் பாறை. போறப்போ இறக்கம், முழங்காலுக்கு அதுதான் எதிரி. ஒருத்தர் அம்மாவோட இருக்கணும், ரெண்டு பேர் போகணும்னு முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க. அங்கே போய் முடிவெடுத்தா அவங்களுக்கு மனசு கஷ்டமாயிடும்.

கல்லும்மண்ணும்
இந்த இழையை இப்போதான் பார்த்தேன். நான் மண்ணியல் படிச்சவன், அந்தப் பாறைமேல எனக்குத் தனிப் பிரியம்.

உங்க பையனுக்குச் சொல்ல ஒரு விஷயம். அந்தச் சிவப்புப் பாறை எல்லாம் ஒரு காலத்தில் காற்றில் நகர்ந்துகிட்டிருந்த மணல்மேடு. ஜுராசிக் காலம், டைனோசர்கள் இருந்தப்போ. இன்றைக்கு அதற்கு ஆஸ்டெக் மணற்பாறைன்னு பேர். காற்று மணலை மேட்டின் ஒரு பக்கம் ஏத்தி மறுபக்கம் சரிய விடும். சரிஞ்ச ஒவ்வொரு அடுக்கும் ஒரு சாய்கோடு. மேற்கு வாசலில் நுழைஞ்ச கொஞ்ச தூரத்தில் பீஹைவ்ஸ்னு தேன்கூடு மாதிரிப் பாறைகள் வரும். அதில் கோடுகள் ஒரு அடுக்கில் இடப்பக்கம் சாஞ்சிருக்கும், அதுக்கு மேலே வேறு பக்கம் சாஞ்சிருக்கும். காற்று திசை மாறினது, மேடு நகர்ந்தது எல்லாம் அங்கே பதிவாகியிருக்கு. பையனை விரலால் ஒரு கோட்டைத் தொடர்ந்துகிட்டே போகச் சொல்லுங்க.

சிவப்பு எதனாலன்னு கேட்பான். துரு. மணல் ஒவ்வொண்ணுமேலயும் இரும்பு ஆக்சைடு மெல்லிசாப் பூசியிருக்கு. பிற்காலத்தில் நிலத்தடி நீர் ஊடுருவின இடங்களில் அந்த இரும்பு கரைஞ்சு போச்சு, அங்கே வெள்ளை. கரைஞ்ச இரும்பு வேற இடத்தில் படிஞ்சா மஞ்சள், ஊதா. ஃபயர் வேவில் இருக்கிற பட்டைகள் இந்தக் கதைதான். சுத்தி நிக்கிற சாம்பல் மலைகள் வேற இனம், அவை இன்னும் பழைய கடலடிச் சுண்ணாம்புக்கல்.

மழை பெய்த மறுநாள் பாறைமேல ஏறாதீங்க. மணற்பாறை ஈரத்தில் பலம் குறைஞ்சிடும், விளிம்பு கையோட வந்துடும். கல்லையோ மணலையோ எடுத்துட்டு வரவும் கூடாது.

இரண்டுபிள்ளைஅம்மா
கல்லும்மண்ணும் சார், அந்தப் பாறை ஓவியங்கள் பத்தியும் சொல்லுங்களேன். அன்னைக்கு நாங்க அதையெல்லாம் பார்க்காமலே திரும்பிட்டோம்.

கல்லும்மண்ணும்
அது ஓவியம் இல்லைங்க, கொத்து. பாலைவனத்துப் பாறையின் மேல் பல்லாயிரம் வருஷத்தில் கறுப்பா ஒரு மெருகு படியும். அதைக் கல்லால் கொத்தி எடுத்தா உள்ளே இருக்கிற வெளிர் நிறம் தெரியும். பூர்வ குடிகள் அப்படி வரைஞ்சது. நூற்றாண்டுகள் பழசு, சிலது ஆயிரம் வருஷத்துக்கும் மேலே. கொம்பு வளைஞ்ச காட்டு ஆடுகள், மனித உருவங்கள், என்னன்னு யாருக்கும் உறுதியாத் தெரியாத வட்டங்கள். அட்லாட்டில் ராக்கில் இரும்புப் படிக்கட்டு ஏறினா கண்ணுக்கு நேரே பார்க்கலாம். அட்லாட்டில்னா ஈட்டியை விசையோட எறியப் பயன்பட்ட கட்டை. வில் அம்பு வர்றதுக்கு முந்தின ஆயுதம், அதோட உருவமும் அங்கே கொத்தியிருக்கு.

ஆனா படிக்கட்டு அம்மாவுக்குச் சிரமம். அவங்களுக்கு மௌஸஸ் டேங்க் பாதைதான். போக வர முக்கால் மைல், பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. மணல் மட்டும் கால் புதையும், அதனால ஊன்றுகோல் ரெண்டு வாங்கிக்கோங்க. ரெண்டு பக்கச் சுவரிலும் கொத்து உருவங்கள். கடைசியில் மழைத்தண்ணி தேங்கி நிக்கிற ஒரு கற்குழி. 1890-களில் 'மௌஸ்' என்று அழைக்கப்பட்ட தெற்குப் பையூட் மனிதர் ஒருவர் துரத்தி வந்தவர்களிடம் பிடிபடாமல் அந்தப் பக்கத்தில் ஒளிஞ்சிருந்தார், பேர் அவரால் வந்தது. இந்தப் பாலைவனத்தில் தண்ணி இருக்கிற இடம் தெரிஞ்சவனைப் பிடிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு அந்தக் குழியைப் பார்த்தாப் புரியும்.

உருவங்களைத் தொடக் கூடாது. கையில் இருக்கிற எண்ணெய் அந்த மெருகைக் கெடுக்கும். பையனுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

புதுவழி
இடையில் ஒரு கேள்வி. வேகாஸ் பக்கத்திலேயே ரெட் ராக் கேன்யன் இருக்கே, அதுக்குப் போனா தூரம் மிச்சமாகுமே?

பாலைவனவாசி
அரை நாள்தான் இருக்குன்னா அதுதான் சரி. வேகாஸுக்கு மேற்கே, வண்டியிலேயே சுத்தி வர 13 மைல் ஒருவழிச் சாலை. தேசிய பாஸ் அங்கே செல்லும். ஆனா அக்டோபரிலிருந்து மே வரைக்கும் பகல் நேரத்துக்கு முன்பதிவு வேணும், அதைத் தெரியாம வாசல் வரைக்கும் வந்து திரும்பறவங்க நிறைய. முழு நாள் கையில் இருந்தா நான் வேலி ஆஃப் ஃபயர்தான் சொல்வேன். அங்கே பாறைகளுக்கு நடுவிலேயே இருப்பீங்க.

வெயில்குருவி, உங்களுக்கு என் திட்டம் இதுதான். ஆறரைக்கு ஓட்டலை விட்டுக் கிளம்புங்க. ஏழரை, ஏழே முக்காலுக்கு உள்ளே. முதல்ல பீஹைவ்ஸ், அது ரோட்டோரம், அம்மா வண்டியை விட்டு இறங்கினாலே போதும். பக்கத்திலேயே அட்லாட்டில் ராக், அப்பாவும் பையனும் ஏறட்டும். அப்புறம் நேரா மௌஸஸ் டேங்க். ஒன்பது மணிக்குள்ள போனா கூட்டம் இருக்காது, ஒரு மணி நேரம் கொடுங்க, அம்மாவை அவசரப்படுத்தாதீங்க. பிறகு விசிட்டர் சென்டர், அங்கே சுத்தமான கழிப்பறையும் தண்ணியும் உண்டு.

மத்தியானச் சாப்பாட்டுக்கு செவன் சிஸ்டர்ஸ் பாறைகளுக்குக் கீழே மேசைகள் இருக்கு. இல்லைன்னா 'கேபின்ஸ்'. 1930-களில் வேலை இல்லாத இளைஞர்களை வெச்சு அரசாங்கம் அந்தச் செம்பாறைக் கல்லாலேயே வழிப்போக்கர்களுக்குக் கட்டிக்கொடுத்த சின்னச் சின்னக் கல்லறைகள். "கல்லறை"ன்னா கல்லால் கட்டின அறை, தப்பா எடுத்துக்காதீங்க. அம்மா அங்கே நல்லா சாஞ்சு உட்காரலாம். ஒரு மணி நேரம் ஓய்வு. ரெண்டு மணிக்கு வடக்கே ஒயிட் டோம்ஸ் வரைக்கும் வண்டியிலேயே போய்த் திரும்புங்க, அந்த ஆறு மைல் சாலையே ஒரு காட்சி. ஒயிட் டோம்ஸ் நடை வேண்டாம், ஆரம்பத்திலேயே கல் படி செங்குத்தா இறங்கும். மூணு மணிக்கு ஃபயர் வேவ், போறவங்க போகட்டும். எலிஃபண்ட் ராக் கிழக்குக் கோடியில் இருக்கு, அதை விட்டுடுங்க. ஒரு நாளில் ஒண்ணை விட்டாத்தான் மத்ததை நின்னு பார்க்க முடியும்.

வெயில்குருவி
அண்ணா, இதை அப்படியே தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிட்டேன். எலிஃபண்ட் ராக்தான் பையனுக்கு வேணுமாம், சமாதானம் பண்ணிக்கிட்டிருக்கேன். போயிட்டு வந்து எழுதறேன்.

வெயில்குருவி (நவம்பர்)
போயிட்டு வந்துட்டோம். வியாழக்கிழமை, பையனுக்குப் பள்ளிக்கு ஒரு நாள் லீவு சொல்லிட்டு.

காலையில் மேற்கு வாசல் பக்கம் சாம்பல் மேடுகளைத் தாண்டி வளைவில் திரும்பினதும் முதல் சிவப்பு தெரிஞ்சது. அம்மா "இது என்ன, யாராவது பெயின்ட் அடிச்சாங்களா"ன்னு கேட்டாங்க. பீஹைவ்ஸில் பையன் கோட்டைத் தொடர்ந்து விரலை ஓட்டினான். விரல் நுனியில் சிவப்பா மணல் ஒட்டிக்கிச்சு. அதை அம்மா கண்ணாடியைக் கழட்டிட்டுக் கிட்ட வெச்சுப் பார்த்து, "ரவை மாதிரி உருண்டை உருண்டையா இருக்கே"ன்னாங்க. கல்லும்மண்ணும் சார், மணல்மேட்டுக் கதையைச் சொன்னதும் பாட்டியும் பேரனும் அந்தப் பாறையைச் சுத்தி ரெண்டு தடவை வந்தாங்க.

மௌஸஸ் டேங்கில் நாம பேசினபடி ஒரு மணி நேரம் போதலை. ஒன்றரை மணி ஆச்சு. ஊன்றுகோல் ரொம்ப உதவிச்சு. அம்மா ஒவ்வொரு உருவத்துக்கும் முன்னாடி நின்னாங்க. ஓரிடத்தில் கொம்பு ஆடுகள் வரிசையா இருந்துச்சு. கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "கடைசி ஆடு குட்டி, பாரு, கால் சின்னதாக் கொத்தியிருக்கான்"னாங்க. எனக்கு அதுவரைக்கும் அது கண்ணில் படலை. குழியில் கொஞ்சம் தண்ணி இருந்தது, மேலே எட்டி நின்னு பார்த்தோம். திரும்பி வர்றப்போ விசிட்டர் சென்டர் பக்கம் நிஜமாவே நாலு காட்டு ஆடுகள் பாறையில் நின்னுது, பையன் மூச்சுவிடாம நின்னான்.

ஒரு குறையும் சொல்லணும். மத்தியானம் நாங்க கேபின்ஸில் கொஞ்சம் அதிகமா உட்கார்ந்துட்டோம், அப்பா தூங்கிட்டார். எழுப்ப மனசு வரலை. ஃபயர் வேவ் பாதையில் இறங்கும்போது மூணரை. நானும் பையனும் போனோம், கணவர் அம்மா அப்பாவோட வண்டிப் பக்கம் நின்னார். அலைப் பாறைகிட்ட பத்து நிமிஷம்தான் இருக்க முடிஞ்சது. ஆனா ஒளிப்பெட்டி சொன்ன அந்தக் கொசுவம், அப்படியே இருந்தது. மேலே வந்தப்போ அம்மா ரோட்டோரம் மடக்கு நாற்காலியில் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தாங்க. எதிர்ப் பாறை முழுக்கச் சிவந்திருந்துச்சு. "நீ கீழே போய்ப் பார்த்ததை நான் இங்கேயே பார்த்துட்டேன்"னாங்க.

எலிஃபண்ட் ராக் போகலை. பையன் அதை இன்னும் மறக்கலை.

இரண்டுபிள்ளைஅம்மா
படிச்சுக் கண் கலங்கிடுச்சு தோழி. இந்தக் குளிர்காலத்தில் மாமியாரைத் திரும்பக் கூட்டிட்டுப் போகலாம்னு தோணுது. அவங்களும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஜனவரி எப்படி?

பாலைவனவாசி
தாராளமாப் போங்க. காலையில் நல்லாக் குளிரும், ஸ்வெட்டரும் காதுக்கு மப்ளரும் வேணும், பகலில் கழட்டிடலாம். வானிலையில் மழை காட்டினா மட்டும் நாளைத் தள்ளிடுங்க, அந்தப் பள்ளங்களில் திடீர் வெள்ளம் வரும். மடக்கு நாற்காலியை மறக்காதீங்க. எங்க வீட்டில் ரெண்டு இருக்கு, வேகாஸ் வழியா வந்தா வாங்கிட்டுப் போங்க.